பெண்பார்ப்புக்கு ஒரு ஜப்பான் படம்

திரையில் ஒரு கிண்ணம் சோறு. கிண்ணத்துக்கு மேலே இரண்டு குச்சிகள். அவற்றைப் பிடித்திருக்க ஒரு கை இல்லை. குச்சிகள் சோற்றை அள்ளி மேலே கொண்டுபோயின. சோறு ஓரிடத்தில் மறைந்தது. குச்சிகள் மறுபடி இறங்கின.

எதிரே தாய் உட்கார்ந்திருந்தாள். அவள் அலறவில்லை. கிண்ணம் வெறுமையானதும் கரண்டியை எடுத்து இன்னொரு முறை சோறு போட்டாள்.

நாங்கள் குடியேறியிருந்த தென்கடல் தீவு நாட்டில், பாபடோயிட்டோய் என்ற புறநகரில் ஒரு மரமண்டபம். தகரக் கூரையில் மழை. தரைக்குப் பூசிய மெழுகின் மணமும், ஈரக் கம்பளிக் கோட்டுகளின் மணமும், பின்பக்க மேசையில் மூடிவைத்திருந்த வடையின் மணமும் ஒன்றாகக் கலந்திருந்தன. முன்வரிசையிலிருந்து மங்கம்மா அக்காவின் குரல் வந்தது.

"என்னா தம்பி இது, ஆளைக் காணோம், சோறு மட்டும் போவுது!"

தம்பி என்றது என்னைத்தான். அன்றைக்கு அந்தப் படத்துக்குத் தமிழ்க் குரல் நான்.

குரல் வந்த கதை

எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலச் சனிக்கிழமைப் பிற்பகல் அது. மவுண்ட் வெல்லிங்டனில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்ததைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதே காலம்தான். மனைவியும் மகளும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். நான் குலம் என்று எல்லாரும் அழைக்கும் குலசிங்கத்தின் வீட்டுக்குப் பின்னால் இருந்த தனி அறையில் வாடகைக்கு இருந்தேன். சாப்பாடு அவர்கள் வீட்டுச் சமையலறையில்.

குலத்துக்கு விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை. முப்பத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருந்தார், கலியாணம் ஆகவில்லை. தங்கை சாந்தினியின் காரியம் முடியாமல் தன் காரியத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார். சாந்தினி படிக்க வந்தவள். பல்கலைக்கழகத்தில் படங்களும் ஒலிநாடாக்களும் வைத்திருக்கும் பகுதியில் சில மணிநேரம் வேலையும் பார்த்தாள். நாளும் ரயிலில் நகருக்குப் போய்வருவாள்.

நாங்கள் ஒரு சங்கம் வைத்திருந்தோம். சங்கம் என்றால் சில குடும்பங்கள், ஒரு தேநீர்க் கொதிகலன், ஒரு மைக். கோயில் இல்லை. நல்லநாள் பெருநாள் எல்லாம் வாடகை மண்டபங்களில்தான். கொழும்பு, யாழ்ப்பாணம், கோலாலம்பூர், ஃபிஜியின் சுவா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், ஊரில் என்றால் ஒருவரையொருவர் எட்டியும் பார்த்திருக்க மாட்டோம். இங்கே ஒரே மண்டபத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்றாக இருந்தோம்.

அந்தச் சனிக்கிழமைக்கு சிட்னியிலிருந்து ஒரு தமிழ்ப் படம் வருவதாக ஏற்பாடு. மண்டபம் எடுத்தாகிவிட்டது, எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. படம் வரவில்லை. விமானச் சரக்குப் பகுதிக்குக் குலம் மூன்று முறை போய் வெறுங்கையோடு வந்தார்.

சாந்தினி தன் வேலையிடத்துத் தட்டில் இருந்த ஒரு படத்தைக் கேட்டு வாங்கிவந்தாள். பழைய ஜப்பான் படம், கறுப்பு வெள்ளை. ஓர் ஆராய்ச்சியாளன் தன் உடம்பிலேயே ஊசி ஏற்றிப் பார்த்து மறைந்துபோகிறான். கீழே ஆங்கில எழுத்து ஓடும்.

"எங்கடை சனத்துக்கு மாயாஜாலம் பிடிக்கும்" என்பது அவள் சொன்ன ஒரே காரணம்.

ஆனால் முன்வரிசைப் பெரியவர்கள் பலருக்கு ஓடுகிற ஆங்கிலத்தை எட்டிப் பிடிக்க முடியாது. குலம் என்னைப் பார்த்தார். "ஐசே, நீர் பேப்பரிலை இருந்த ஆள்தானே. வாசிச்சுச் சொல்லும்."

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தவன். மூன்று பத்திச் செய்தியை ஒன்றாக்குவது என் தொழில். ஜப்பானியன் நீளமாகப் பேசுவான். ஆங்கிலத்தில் ஒன்றரை வரி வரும். நான் அதை நாலு சொல்லாக்கி மைக்கில் விடவேண்டும். வேலை புதிதல்ல. மேசை மட்டும் மாறியிருந்தது.

சிவப்புச் சீலை

கதை படத்தைப் பற்றியது மட்டுமல்ல. அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

எங்கள் ஊரில் பெண்பார்ப்பதற்கு ஒரு முறை இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பலகாரம் சாப்பிட்டுப் பார்ப்பது பிறகுதான். முதலில் கோயிலில் வைத்துப் பார்ப்பார்கள். பெண்ணுக்குச் சொல்லமாட்டார்கள். வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போய்வா என்று தாய் அனுப்புவாள். மாப்பிள்ளை வீட்டார் சாதாரண பக்தர்கள்போல் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். பிடித்திருந்தால் பேச்சு வரும். பிடிக்காவிட்டால் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, ஒருவரும் ஒன்றும் மறுக்கவில்லை. யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

அப்படித்தான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

சாந்தினியை ஊரில் ஒருமுறை அப்படிப் பார்த்திருக்கிறார்கள். சில மாதம் கழித்து ஒரு மச்சாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். வேண்டாம் என்று போய்விட்டார்களாம். பெண்ணின் நடை வேகமாம், அடக்கம் காணாதாம்.

"அண்ணை, அண்டைக்கு மழை வரப்போகுதெண்டு ஓடினனான்" என்று இதை என்னிடம் சொன்னபோது சாந்தினி சிரித்தாள். சிரிப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் எந்த வெள்ளிக்கிழமை, எந்த வீதி, தேர் நிற்கும் தேர்முட்டியில் யார் யார் நின்றார்கள் என்பதெல்லாம் அவளுக்கு இன்னும் நினைவிருந்தது. நின்றவர்களில் எவன் அவன் என்று பல நாள் யோசித்திருக்கிறாள்.

இப்போது அவள் படிப்பு முடியப்போகிறது. படிப்போடு விசாவும் முடியும். ஊரில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று இந்த வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே நிரந்தர வதிவிடம் உள்ள ஒருவரைக் கட்டினால் இருக்கலாம். இல்லாவிட்டால் பெட்டி கட்டவேண்டும். குலம் நித்திரையில்லாமல் அலைந்ததற்குக் காரணம் அதுதான்.

ஹமில்டனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ரவீந்திரன், பால்மாத் தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் வேலை. அவனுக்கு இங்கே பெரியவர் என்று இருந்தது ஒரு பெரியம்மா மட்டும். முதலில் பெண்ணுக்குத் தெரியாமல் ஒருக்கால் பார்த்துவிடுகிறோம் என்று அந்த அம்மா தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். குலம் ஓம் என்றுவிட்டார். கோயில் இல்லாத ஊரில் எங்கே வைத்துப் பார்ப்பது? படக் காட்சிக்கு வாருங்கள், பிள்ளை சிவப்புச் சீலை கட்டியிருக்கும், பெண்கள் பக்கம் முன்னுக்கு இருக்கும் என்று அடையாளமும் சொல்லிவிட்டார்.

இருட்டில் ஓடுகிற சாமான் படம் என்பது குலத்துக்கோ அந்தப் பெரியம்மாவுக்கோ உறைக்கவில்லை. கோயிலுக்குப் பதில் ஆட்கள் கூடுகிற இடம், அவ்வளவுதான். ஊரில் எங்களுக்குப் பழகின கணக்கு அது. இன்னொன்றும் உறைக்கவில்லை. படம் ஓட்டுகிற எந்திரத்தைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் சாந்தினி.

வெள்ளிக்கிழமை குலம் தங்கையிடம், நாளைக்கு அந்தச் சிவப்புச் சீலையைக் கட்டு என்றார். தங்கை என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறாள் என்று ஒருநாளும் கவனித்திராத மனிதர். அதுவும் ஜூலை மாதக் குளிரில், சூடு இல்லாத மண்டபத்துக்கு. சாந்தினி அந்த நிமிடமே விளங்கிக்கொண்டாள். 

மறுநாள் தடித்த நீலக் கம்பளிச் சட்டையும் காற்சட்டையுமாக எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தாள். குலம் வாய் திறந்தார். அந்நேரம் பார்த்து ஹமில்டன் கார் வந்து நின்றது.

விளக்குப் போட்ட இடைவேளை

ஜன்னல்களில் கறுப்புப் பொலித்தீன் ஒட்டியிருந்தோம். அதையும் மீறி ஓரங்களில் சாம்பல் நிற வெளிச்சம் கசிந்தது. எந்திரம் மண்டபத்தின் பின்பக்கம், ஒரு மேசையில். அதற்குப் பக்கத்தில் மைக்கோடு நான். விமானங்கள் தாழப் பறக்கும்போது ஒரு வசனத்தை விட்டுவிடுவேன், ஒருவருக்கும் தெரியாது.

பெரியம்மா கருநீலக் கோட்டோடு முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்தார். ரவீந்திரன் பக்கத்தில். மெலிந்த ஆள், கையில் வைத்திருந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் மடியில் வைத்துக்கொண்டான்.

ஒரே எந்திரம் என்பதால் ஒவ்வொரு சுருள் முடிந்ததும் நிறுத்தி மாற்றவேண்டும். அந்த நேரம் விளக்குப் போடுவார்கள். குலம் அதைத்தான் நம்பியிருந்தார். ஆனால் நம்பி என்ன, காட்டவேண்டிய ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் சுருளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன் எனக்கொரு கஷ்டம் வந்தது. மறைந்த மனிதன் பொலிசுக்குத் தப்ப உடுப்பைக் கழற்றவேண்டிய கட்டம். உடம்பு மறையுமே தவிர உடுப்பு மறையாது. கோட்டுப் போயிற்று, மேற்சட்டை போயிற்று, அதற்குமேல் அவன் தன் நண்பனிடம் நிலைமையை விளக்கமாகவே சொல்கிறான். முன்னால் தாய்மார். சிறுவர் எல்லாரும் ஆங்கிலம் வாசித்துவிட்டு உருண்டு உருண்டு சிரிக்கிறார்கள்.

"அவர் பாரமான உடைகளைக் குறைத்துக்கொள்கிறார்" என்றேன்.

முன்வரிசையில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் திரும்பினார். "தம்பி, எல்லாத்தையுமோ?"

"செய்தி அப்பிடித்தான் கிடைச்சிருக்கு, ஐயா" என்றேன். அன்று மண்டபம் அதிகமாகச் சிரித்தது அதற்குத்தான்.

முதல் சுருள் முடிந்து விளக்கு வந்தது. பெரியம்மா கழுத்தை நீட்டிப் பெண்கள் பக்கத்தைத் தேடினார். முன்வரிசையில் ஒரு சிவப்புச் சீலை. நிமிர்ந்த கழுத்து, நீண்ட பின்னல். பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. முழங்கையால் ரவீந்திரனை இடித்தார்.

அது ஃபிஜியிலிருந்து வந்த மங்கம்மா அக்காவின் மருமகள். கலியாணமாகி இரண்டு பிள்ளைகள். ஒன்று மடியில் நித்திரை.

குலம் கதவடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லவும் முடியாது. சொன்னால் இத்தனை பேருக்கு நடுவில் பெண்பார்ப்பு என்று தெரிந்துவிடும். தெரியாமல் நடப்பதுதான் அதன் முறை. அவர் தன் முறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். நெற்றியை உள்ளங்கையால் துடைத்தபடி நின்றார்.

சாந்தினி இதையும் பார்த்தாள். "அண்ணை, குடையோடை இருக்கிறவர்தானே?" என்று என்னிடம் மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். அடுத்த சுருளைப் பூட்டினாள்.

அறுந்த இடம்

இரண்டாவது சுருள் நடுவில் படம் அறுந்தது. திரை வெள்ளையாகி, சாந்தினி எந்திரத்தை நிறுத்தியதும் இருண்டது. சிறுவர்கள் விசிலடித்தார்கள். விளக்கைப் போடவேண்டாம், ஒரு நிமிடம் காணும் என்றாள் அவள். ஒரு சின்ன டோர்ச்சை இருட்டில் நீட்டினாள். நான் மைக்கை வைத்துவிட்டுக் கை நீட்டுமுன் வேறொருவர் வாங்கிக்கொண்டார்.

ரவீந்திரன். எப்போது பின்னால் வந்தான் என்று எனக்குத் தெரியாது. சுவரோடு சாய்ந்து நின்று பார்த்திருக்கிறான்.

டோர்ச் வெளிச்சம் அவள் விரல்களில் விழுந்தது. அறுந்த முனைகளைச் சமமாக வெட்டி, துளைகளைப் பொருத்தி, ஒட்டுநாடாவைத் தடவினாள். சினிமாப் படச்சுருளுக்கு வினாகிரிபோல் ஒரு புளித்த மணம் உண்டு. பழைய சுருளில் கூடுதலாக இருக்கும்.

"முன்னுக்கு இடம் இருந்ததே" என்றாள், நிமிராமல்.

"இருக்க ஏலாமல் கிடந்தது" என்றான் அவன். "பெரியம்மா ஒரு பிள்ளையைப் பார் பார் எண்டு இடிச்சுக்கொண்டே இருக்கிறா. அந்தப் பிள்ளைக்கு நாங்கள் பாக்க வந்தது தெரியாதாம்."

தெரியாத ஒரு பெண்ணிடம், தெரியாத என் முன்னால், ஏன் அதைச் சொன்னான் என்று பிறகு யோசித்திருக்கிறேன். ஹமில்டனில் அந்தக் காலத்தில் தமிழில் ஒன்றைச் சொல்லித் தீர்க்க அவனுக்கு ஆளில்லை. அதுதான் காரணமாக இருக்கவேண்டும்.

"தெரிஞ்சால் என்ன?"

"தெரிஞ்சால் அவவும் என்னைப் பாப்பா. பிடிக்கேல்லை எண்டால் சொல்லுவா. இது கள்ளமாய்ப் பாக்கிற மாதிரிக் கிடக்கு."

"பிள்ளை எப்பிடி?"

"வடிவாப் பாக்கேல்லை. முதுகைப் பாத்து என்னத்தைச் சொல்லுறது?"

அவள் நாடாவை நகத்தால் அழுத்தினாள்.

"டோர்ச்சைக் கொஞ்சம் இஞ்சாலை பிடியுங்கோ" என்றாள். 

அவன் பிடித்தான். அவள் ஒருமுறை நிமிர்ந்து, வெளிச்சத்துக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தாள். ஒரு படத்தின் சுருளை வாங்குமுன் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாளே, அதே பார்வை. பிறகு எந்திரத்தைப் போட்டாள். தான் யாரென்று சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை. மிச்சப் படத்தை நின்றபடியே பார்த்தான்.

கடைசிக் காட்சிக்கு எனக்கு வேலை இருக்கவில்லை. மறைந்தவனுக்கு நிச்சயித்திருந்த பெண் ஒரு படகில் ஏறி உட்காருகிறாள். பக்கத்து இருக்கை காலி. அவள் கைப்பையை அதில் வைத்திருக்கிறாள். படகு புறப்படுகிறது. அவள் ஒருபக்கமும் திரும்பாமல் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். காலி இருக்கையின் மெத்தை மெல்ல அமுங்குகிறது. திரையில் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை, எழுத்தும் ஓடவில்லை. நான் மைக்கைக் கீழே வைத்தேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"கெட்டிக்காரி" என்றார் மங்கம்மா அக்கா, மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் மத்தியானம் ஹமில்டனிலிருந்து தொலைபேசி வந்தது. பெரியம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அடக்கமான பிள்ளை, ஆடாமல் அசையாமல் படம் பார்த்தது, பக்கத்துச் சனத்தின் குழந்தையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டது என்று புகழ்ந்தாராம்.

குலம் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். அன்றைக்குக் கோழிக்கறி, அவர் தொடவில்லை. எல்லாம் பிழையாய்ப் போயிற்று, உண்மையைச் சொன்னால் விளையாடினோம் என்று நினைப்பார்கள், இன்னொரு சம்பந்தத்துக்கு எங்கே போவது, டிசம்பரில் விசா முடிந்துவிடும் என்றார். எல்லாவற்றையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சாந்தினி பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அவர் என்ன சொன்னவராம்?" என்றாள்.

"எவர்?"

"மாப்பிளை."

குலம் விழித்தார். அதை அவர் கேட்கவேயில்லை. பெரியம்மாவும் சொல்லவில்லை.

சாந்தினி தண்ணீர்க் குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள்.

"நான் அவரைப் பாத்திட்டன். கதைச்சும் பாத்திட்டன். எனக்குச் சம்மதம். இனி அவர்தான் சொல்லவேணும். நான் ஆரெண்டு தெரியாமல் அவர் ஒண்டும் சொல்லேலாது. ஒருக்காத் தனிய வந்து பாக்கச் சொல்லிக் கேளுங்கோ. அவருக்கு வேண்டாமெண்டால் எனக்கு நேரை சொல்லட்டும். நான் பெட்டி கட்டுறன்."

குலம் என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். "பொம்பிளைப் பக்கம் அப்பிடிக் கேக்கிறதே? என்ன நினைப்பினம்?"

"அப்ப நான் கேக்கிறன்."

தொலைபேசி நடைவழியில் சுவரில் இருந்தது. சமையலறைக் கதவு திறந்திருந்ததால் அவள் முதுகும், நீல வயரைச் சுற்றிய விரலும் எங்களுக்குத் தெரிந்தன. எண்ணைச் சுழற்றினாள். முதலில் பெரியம்மா எடுத்திருக்கவேண்டும். குரல் தணிந்து, மரியாதையாக, அவரோடு கொஞ்சம் கதைக்கவேணும் என்றாள். பிறகு காத்திருந்தாள்.  சாந்தினியின் கால் ஒன்று மற்றதன் மேல் ஏறி நின்றது. அவள் பயந்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஹலோ. நான் சாந்தினி கதைக்கிறன்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்கப்பட்டது.

"ஓம். சிவப்புச் சீலை இல்லை. படம் ஓட்டினது நான்."

 குலம் மேசை விரிப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் தலையைச் சுவரோடு சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். வெள்ளிக்கிழமைக் கோயில் கதையைச் சொன்னபோது சிரித்த சிரிப்பு இல்லை. நான் அதற்குமுன் கேட்டிராத ஒன்று.

என் பத்திரிகைத் தொழில் எனக்குள் விழித்துக்கொண்டது. காதைத் தீட்டினேன்.

குலம் எழுந்தார். சத்தம் வராமல் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினார். திரும்பிவந்து கோழிக்கறிச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

"நீர் சாப்பிடும், ஐசே" என்றார்.